பல் செட் செய்த கையால் ஒரு விமானம்

சொந்தமாக விமானம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று நினைப்பவர்கள், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் பின்வீட்டில் குடியிருந்த பிளேன் அக்காவின் செருப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றுக்கு வார் கறுப்பு, இன்னொன்றுக்குப் பழுப்பு. இரண்டுமே தூண்டில் நைலானால் தைக்கப்பட்டவை. உலகத்தில் எந்தப் பொருளும் கெட்டுப்போவதில்லை, வைத்திருப்பவனுக்குத்தான் திருத்தத் தெரியவில்லை என்பது அக்காவின் கட்சி.

யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கோயிலில் கேட்டாலும் மளிகைக் கடையில் கேட்டாலும் பிளேன் அக்கா என்றால்தான் தெரியும். பென்ரோஸில் ஒரு லேபில் பல் செட் செய்யும் வேலை. வார நாட்களில் ஊரார் வாய்க்குப் பல் செய்வார். சனி, ஞாயிறு வந்தால் விமானத்துக்கு உறுப்பு செய்வார்.

விமானம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டால் இரண்டு பேர் உட்காரலாம். அலுமினியக் குழாய்களின் மேல் துணி போர்த்திய இறக்கைகள். ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்ன விமானத் திடலில், தகரக் கொட்டகைக்குள் நின்றது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது.

"பார்ட்ஸ் வேணுமெண்டா ஆரிட்டக் கேக்கிறது? என்னட்டத்தான் நான் கேக்கோணும்" என்பார் அக்கா.

இந்த வகை விமானத்துக்குச் சொந்தக்காரரே உறுப்பு செய்து மாட்டலாமாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இந்தச் சட்டத்தால் விமானத்துக்கு என்ன ஆனதோ தெரியாது, எங்கள் சமையலறைக்கு நிறைய ஆனது.

பின்வீட்டில் கேக் சுடும் அவன் அடுப்பு கிடையாது. அதனால் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அக்காவிடம் இருந்தது. என் மகளின் பிறந்தநாளன்று கேக் வைக்கலாம் என்று அடுப்பைத் திறந்தால், உள்ளே வெள்ளையாக, பன்றி மூக்கு மாதிரி ஏதோ உட்கார்ந்திருந்தது.

"அக்கா! அடுப்புக்குள்ள என்ன இது?"

"என்ஜின் மூடியின்ர மூக்கு, பிள்ளை. பிசின் இறுக எண்பது டிகிரியில நாலு மணித்தியாலம் கிடக்கோணும். கதவைத் திறந்திட்டியே? ஐயோ, குளிர் பட்டுட்டுது!"

மூக்கு வெந்து முடிந்த பிறகுதான் கேக் உள்ளே போனது. பிறந்தநாளுக்கு வந்த ஒரு பொடிசு ஒரு வாய் தின்றுவிட்டு, இதில் சர்ஃப் போர்டு வாசனை வருகிறது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. அத்துடன் விருந்து முடிந்தது.

இன்னொரு முறை, இருக்கை பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் தகடு ஒன்றைச் செய்தார். பலம் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டு அரிசி மூட்டைகளையும் அவருடையவற்றையும் சேர்த்துக் கட்டி, கராஜ் உத்தரத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டார். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் பாஸ்தா. என் கணவர் நான்காம் நாள் கராஜுக்குப் போய், அண்ணாந்து அரிசியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பல் செட்டில் ஈறுக்குப் போடும் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் ஜன்னல் கொக்கி, கைப்பிடிக் குமிழ் எல்லாம் வார்த்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. அதிகம் பேசாதவர். முதல் முறை அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டு, "இது யாருடைய ஈறு?" என்று கேட்டாராம். ஆனால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் கை அப்படி. தலைமுடி கனம் பிசகினால் பல் கடிக்காது என்பார். பிசகியதே இல்லை.

ஒரே ஒரு தடவை நான் அதில் ஏறியிருக்கிறேன். கணவர் இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தரையில் வாய் ஓயாத அக்கா, மேலே போனதும் ஊமையாகிவிட்டார். கீழே பச்சை வயல்கள், அப்பால் கறுப்பு மணல் கடற்கரை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் அவர் குரல் வந்தது.

"கீழ பார் பிள்ளை. மாடுகள்."

பார்த்தேன். நாங்கள் தலைக்கு மேலே போகிறோம். அவை பாட்டுக்குப் புல் தின்றுகொண்டிருந்தன.

"பாத்தியே? ஒண்டும் ஓடேல்லை."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "நாங்கள் பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்க ஓடுவம். சோத்துக் கோப்பையோட ஓடியிருக்கிறன். ஒருநாள் தங்கச்சி பிந்திட்டாள்."

இறங்கிய பிறகு, என் முகத்தைப் பார்த்து, "என்ன, வயித்தைப் பிரட்டுதோ?" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

போன வருட ஜூன், இங்கே குளிர்காலம். விடாத தூறல். இரண்டு வீட்டுக்கும் பொதுவான குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. திறந்தால் சீட்டுக்கட்டு அளவில் அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டைகள். எண்ணினேன். பதினொன்று.

"அக்கா, எதுக்கு இத்தனை?"

"வால் கம்பியைப் பிடிக்கிற தகடு. ஓட்டை சறுக்குது. ட்ரில் சரியில்லை."

ட்ரில்லை மாற்றினார். பிறகு மேசை ஆடுகிறது என்றார். பிறகு குளிர் என்றார். நான் சட்டென்று அவர் வலது கையைப் பிடித்தேன். உள்ளங்கைக்குள் ஒரு குருவியைப் பிடித்தது போல் இருந்தது.

"எத்தனை நாளா அக்கா?"

"மார்கழியில இருந்து. லேபில முன்பல்லு எனக்குத் தாறேல்லை இப்ப. பின்பல்லுதான் தாறாங்கள்." கையை உருவிக்கொண்டார். பதினொரு தகடுகளையும் தொட்டியிலிருந்து பொறுக்கி எடுத்துக் கழுவி, ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடினார்.

பன்னிரண்டாவது தகடு சரியாக வந்துவிட்டது. மணிக்கட்டை மேசையோடு சேர்த்து இறுக்கி வைத்துக்கொண்டு செய்தாராம். இன்ஸ்பெக்டர் வந்த சனிக்கிழமை நானும் போயிருந்தேன். பெரியவர் விளக்கடித்துப் பார்த்தார், அளந்தார், தலையாட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அக்கா அந்த டப்பாவைத் திறந்து, பதினொரு தகடுகளையும் அவர் முன்னால் மேசையில் வரிசையாக அடுக்கினார். அடுக்கும்போதே இரண்டு நழுவிக் கீழே விழுந்தன. குனிந்து எடுத்து வைத்தார். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: விமானத்தில் பிழை இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடலாம். ஆனால் ஓட்டுகிறவளின் கை இது.

பெரியவர் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவசரமே இல்லை. விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது காரில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீங்களா ஏன்க்கா போய்ச் சொன்னீங்க? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே!"

"எனக்குத் தெரியுமே, பிள்ளை."

பிறகு டாக்டர், பரிசோதனை, பெரிய பெயருள்ள நோய். விமானத்தை வாங்க ஹாமில்டன் பக்கத்திலிருந்து ஒரு பால் பண்ணைக்காரர் டிரெய்லரோடு வந்தார். இறக்கைகளைக் கழற்றும்போது அக்கா கூடவே நின்று, எந்த போல்ட் எந்தப் பையில் போக வேண்டும் என்று விரட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பாவம், வேர்த்துப்போனார். டிரெய்லர் கேட்டைத் தாண்டியபோது மட்டும் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கினார். ஒரு தடவை பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினார். நான் வாங்கப் போனேன், துடைப்பத்தைத் தரவில்லை.

இப்போது ரானுயியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே அவருடைய வயதில் யாரும் இல்லை, எல்லோரும் மூத்தவர்கள். போன வாரம் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். கார்டிகன் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் மண்டியிட்டேன்.

"மேல இருந்து தொடங்காத. கடைசியில ஒண்டு மிஞ்சும். கீழ இருந்து வா."

"சரிக்கா."

கீழேயிருந்து ஐந்து பொத்தான்களையும் போட்டு முடித்தேன். எட்டரைக்கு எனக்கு ஆபீஸில் மீட்டிங். ஆனாலும் அவர் காலரில் இல்லாத தூசியைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன்.