மூன்றாம் பக்கத்தில் பஸ்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நின்றுபோன பஸ் எங்கள் ஊருக்கு நாலு மாதம் திரும்பி வராததற்கு அரசாங்கம் காரணமில்லை, ரோடு காரணமில்லை. என் இங்கிலீஷ்தான் காரணம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். படித்தால் புரியும், எழுத உட்கார்ந்தால் நாலு வரியோடு நின்றுவிடும், அந்த ரகம். "எழுதினதை யாருக்காவது படிச்சுக் காட்டுங்க. புரியாத இடத்தை வெட்டிடுங்க" என்றார் வகுப்பெடுத்த மேடம். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சரி, உயர்ந்த தரத்துக்கு வந்துவிட்டோம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. அந்த வருஷம் காலை எட்டு மணி டவுன் பஸ் திடீரென்று நின்றுபோனது. அக்கா கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். கச்சிராயபாளையம் வரை நடந்து போய் பஸ் பிடித்ததில் தினமும் தாமதம். இப்படியே வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"தெனம் நடந்து போய்க்கினு இருந்தா வேலையே பூடும்டா. திங்கக்கெழம மனு குடுக்கப் போறோம். நாலு வரி எழுதிக் குடு" என்றாள்.

"இங்கிலீஷ்ல எழுதித் தரேன்க்கா."

"எதுக்குடா? தமிழ்ல எழுதுனா ஆவாதா?"

"ஒனக்குத் தெரியாது. இங்கிலீஷ்ல எழுதுனாதான் பயப்படுவாங்க."

(யார், எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

பஸ் வேண்டும் என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது. படித்தவன் எழுதிய மனு மூன்று பக்கமாவது இருக்க வேண்டாமா? பிளஸ் டூவில் நெட்டுருப் போட்ட, மலைப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போன கட்டுரை முழுசாக ஞாபகம் இருந்தது. (பரீட்சையில் எந்தத் தலைப்பு வந்தாலும் அதைத்தான் எழுதுவோம்.) ஊட்டி என்று வந்த இடத்திலெல்லாம் கல்வராயன் மலை என்று மாற்றினேன். பனிமூட்டம், அருவி, இயற்கை அன்னையின் மடி எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பஸ் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒண்டிக்கொண்டது. ஊர்ப் பெண்கள் இருபது பேர் என்னை நம்பி அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசை வாசல்வரை நின்றது. மேசையில் இருந்த அதிகாரி முதல் பக்கத்தைப் படித்து, இரண்டாம் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. என்ன வேணும்னு சுருக்கமா சொல்லுங்க."

பாராட்டு தலைக்கேறிவிட்டது. "எவ்ரிதிங் ஈஸ் இன் த பெட்டிஷன், சார்" என்றேன்.

அக்கா வாயைத் திறந்தாள். "சார், எங்க ஊருக்குக் காலையில..."

"நீ சும்மா இரு, அக்கா. எல்லாம் அதுல இருக்குது" என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

படித்த தம்பி சொல்கிறானே என்று அவளும் சும்மா இருந்தாள். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அதிகாரி மனுவின் மூலையில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஊர் முனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிக் குழி தோண்டினார்கள். "பஸ் ஸ்டாப்பு வைக்கிறாங்கடி!" என்று பெண்கள் ஓடினார்கள். கம்பம் நட்டு, மலையைப் பார்த்து அம்புக்குறி போட்ட ஒரு பலகையை மாட்டினார்கள். பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. மனு சுற்றுலாத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"'காட்சி முனை'ன்னு போட்டுருக்கு. இன்னாடா இது?" என்றாள் அக்கா.

மலையழகை நின்று பார்க்கிற இடம், என் மனுவால் வந்தது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குள் ஜவுளிக்கடை வேலை போய், கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையைப் பார்க்க முடியாமல் மலையைப் பார்த்தேன். (அதற்குத்தானே பலகை வைத்திருக்கிறார்கள்.)

அடுத்த திங்கட்கிழமை அக்காவே போனாள். கோடு போட்ட தாளில், தமிழில், நாலு வரி. அடுத்த மாதமே பஸ் வந்தது. கடையில்தான் வேறு ஆள் வந்துவிட்டது.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் எழுதுவதுதான் என் வேலை. எந்த மெயிலும் நாலு வரியைத் தாண்டாது. இவ்வளவு தெளிவாக எழுத எங்கே கற்றுக்கொண்டாய் என்று மேனேஜர் கேட்டார்.

ஊரில் யாராவது வளவளவென்று பேசினால், "காட்சி முனையக் காட்டாத, பஸ்ஸ சொல்லு" என்கிறார்கள். நேற்று இந்தக் கட்டுரையை போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் நல்லாத்தான் எழுதிருக்க. இதுல, 'என்ன மன்னிச்சுடு அக்கா'ன்றது எத்தினியாவது பக்கத்துலடா வருது?"