ஒல்லாந்தர் சரிவில் இரண்டு வருஷம்

நாகசாகியில் ஒல்லாந்தர் சரிவுத் தெருவிலேயே இரண்டு வருஷம் குடியிருந்ததாகச் சிவராஜ் சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம். ஜப்பானுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜெண்டு கைவிட்ட பிறகு, வீடு திரும்ப முகமில்லாமல், அந்த இரண்டு வருஷமும் அவன் சொந்தப் பட்டணத்தின் மறுகோடியில் இருந்த லைங் தாயா ஆலைப்பேட்டையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். வீடு இருந்த அலோனில் ஒருவருக்கும் தெரியாது. ஜப்பான் மாப்பிள்ளை என்றுதான் அவனுக்குப் பவானியையே கொடுத்தார்கள்.

இப்போது பக்கத்து வீட்டு சைதாவின் மகள் மெஹ்ரீனுக்கு அதே தெருவில் ஒரு விடுதியில் வேலை கிடைத்துவிட்டது.

"அது என்னண்ணே, ஜப்பான்ல ஒல்லாந்தர் சரிவு?" என்றாள் சைதா.

முந்தின நாள் போனில் பார்த்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டான். "அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க குடியிருந்த மேடு. முதல்ல பழக்கமானவங்க ஒல்லாந்தருங்க. அப்புறம் எந்த வெள்ளைக்காரன் வந்தாலும் ஊர்க்காரங்களுக்கு ஒல்லாந்தர்தான்."

"எங்கேருந்து வந்திருந்தாலும் நம்ம எல்லாரையும் இந்த ஊர்க்காரங்க ஒரே பேருல கூப்பிடுற மாதிரி! மழையில வழுக்காதா?"

"கல் பாவின தெருவாச்சே. நான் அரிசி மூட்டையோட ஏறியிருக்கேன்."

"அதான் இவருக்கு முழங்கால் வலி," என்றாள் பவானி பெருமையாக.

சைதாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப விடுதிக்காரம்மாவைத் தெரிஞ்சிருக்குமே! இப்பக் கூப்பிடுவாங்க, நீங்களே பேசிடுங்க."

"மெஹ்ரீனே ஜப்பான் பாஷை படிச்சிருக்காளே..."

"ஆறு மாச கிளாசுல இவ என்னத்தைக் கண்டா? நீங்க அங்கேயே இருந்தவங்க."

மெஹ்ரீன் நீட்டிய போன் திரையில் ஒரு நரைத்த தலை தோன்றியது. சிவராஜ் இடுப்பு ஒடிய வணங்கினான். அந்த அம்மாளும் வணங்கினார். இவன் மறுபடியும் வணங்கினான். வணங்கிக்கொண்டே இருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா?

அவர் நீளமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"என்னண்ணே சொல்றாங்க?"

"சுகமான்னு கேக்குறாங்க. நான் கிளம்பி வந்ததுலேருந்து தெருவே வெறிச்சோடிக் கிடக்காம்."

பின்னால் நின்ற பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் பாழாய்ப்போன நாக்கு நிற்கவில்லை.

அந்த அம்மாள் மெஹ்ரீனிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"பொண்ணைத் தன் மக மாதிரி பாத்துக்குவாங்களாம்," என்று முடித்துவைத்தான்.

சைதா நன்றி சொல்லி ஓயவில்லை. அவன் தப்பித்தோம் என்று வாசலில் செருப்பை மாட்டும்போது மெஹ்ரீன் மட்டும் பின்னால் வந்தாள்.

"மாமா, அந்தம்மா என்கிட்ட வேற சொன்னாங்க. 'இவர் யாருன்னே எனக்குத் தெரியல, எங்க பாஷையும் அவருக்குத் தெரியல. பின்னால கண்ணைத் துடைக்கிறது அவர் வீட்டுக்காரம்மா போல. பாவம், நீ எதுவும் புரிஞ்ச மாதிரி காட்டிக்காதே.'"