சோணைமுத்து நடக்க மாட்டார்

சர்க்கரை ஏறிப்போச்சு, தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நடக்க மாட்டேன்" என்றார் சோணைமுத்து.

டாக்டருக்கு அதிர்ச்சி. மாத்திரை வேண்டாம் என்று அழுதவனைப் பார்த்திருக்கிறார். ஜிலேபியை விட மாட்டேன் என்று சண்டை போட்டவனையும் பார்த்திருக்கிறார். நடக்கச் சொன்னதற்கு ரோசப்பட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார்.

சோணைமுத்துவுக்குக் கீழமாசி வீதியில் அரிசி மண்டி. வீட்டு வாசலில் அம்பாசடரில் ஏறினால் மண்டி வாசலில்தான் இறங்குவார். மண்டிக்காரன் தெருவில் நடந்தால் காரை விற்றுவிட்டான் என்பார்கள். மறுநாள் மண்டியே போச்சு என்பார்கள். அதற்கு மறுநாள் கடனுக்கு நெல் போட்டவன் எல்லாம் வாசலில் வந்து நிற்பான். ஆகவே நடக்கக் கூடாது. இது அவர் நியாயம்.

மனைவி தங்கப்பொண்ணு விடவில்லை.

"விடிஞ்சதும் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சுத்து நடந்துட்டு வாங்களேன். ஊரே நடக்குது."

"ஊருக்கு வேற வேலை இல்லை."

"துணைக்கு நானும் வாரேன்."

"நீயும் வந்தா வீட்டையும் வித்துட்டான்ம்பாய்ங்க."

"உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இந்தா பாரு புள்ள. உடம்புக்காக ஒரு நாள் நான் நடந்தேன்னு வெய்யி, இந்த மீசையை வழிச்சுப்புடுறேன்!"

லேசுப்பட்ட மீசை இல்லை அது. ஆளுக்கு முன்னால் மண்டிக்குள் நுழைகிற மீசை. பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நிற்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். நிறுத்திப் பார்த்ததில்லை.

தங்கப்பொண்ணு மீசையை ஒரு பார்வை பார்த்தாள். பேச்சை மாற்றினாள்.

"சரி, அதை விடுங்க. எங்க ஊர்ல முளைப்பாரி போடப் போறாக. இந்த வருசமாச்சும் கும்மி கொட்டப் போகவா?"

"மண்டிக்காரன் பொண்டாட்டி தெருவுல நின்டு ஆடுறதா? ஆட்டங்கிற பேச்சே நம்ம வீட்ல ஆகாது."

கல்யாணம் ஆனதில் இருந்து வருசா வருசம் கேட்கிறாள். வருசா வருசம் இதுதான் பதில். தங்கப்பொண்ணு முறைக்கவில்லை, முனகவில்லை. உள்ளே போய்விட்டாள். அப்போதே சோணைமுத்து உஷாராகியிருக்க வேண்டும். பேசாத பொம்பளையைக் கண்டு பயப்படத் தெரியாதவன் குடும்பம் நடத்தக் கூடாது.

மறுநாள் மண்டிக்குத் தவசி வந்தார். தங்கப்பொண்ணுவின் அண்ணன். வியாபாரிகள் கிளப்பில் கமிட்டி ஆள்.

"மாப்ள, கிளப்புக்கு அடுத்த தலைவரா உன்னையத்தான் நினைச்சிருந்தோம்."

"இருந்தோம்னா? இப்ப என்ன கேடு?"

"வெள்ளிவிழா வருதுல்ல. தலைவரா வாரவரு மேடையில சா-சா ஆடிக் காட்டணுமாம்."

"என்ன எழவுய்யா அது?"

"வெளிநாட்டு ஆட்டம். கோட்டு சூட்டு போட்டவன் ஆடுறது. எண்ணெய்க்கடைக்காரன் இப்பவே நான் ரெடின்னு நிக்கிறான்."

"அவனா? அவன் நிக்கிறதுக்கே ரெண்டு ஆள் புடிக்கணும்!"

"உனக்குத்தான் ஆட்டம் ஆகாதே. விட்டுரு மாப்ள."

"எவன் சொன்னான் ஆகாதுன்னு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னவர் அவரேதான். ஆனால் தலைவர் நாற்காலி கண் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

"தங்கப்பொண்ணுக்குத் தெரியக் கூடாது மச்சான். தெரிஞ்சா வீட்டுல என் பேச்சு செல்லாது."

"என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது மாப்ள" என்றார் தவசி. வரவும் இல்லை. ஏற்கெனவே வந்ததெல்லாம் போதும் என்று இருந்திருக்கும்.

ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர் பசுமலையில் இருந்தார். வெங்கடேஷ்பாபு. பெங்களூரில் இருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஆள். ஒல்லி. தமிழ் அதைவிட ஒல்லி.

"முழங்காலுக்கு எண்ணெய் போட்டு நீவுற வைத்தியர் பசுமலையில இருக்காரு" என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தினமும் சாயங்காலம் கிளம்பினார் சோணைமுத்து.

முதல் நாளே திரும்பியதும் தங்கப்பொண்ணு மோந்து பார்த்தாள்.

"எண்ணெய் வாசமே காணோம்?"

"வாசமில்லாத எண்ணெய்."

"வேட்டியெல்லாம் வேர்வையா இருக்கு?"

"நீவுனா வேர்க்காதா?"

மறுநாளில் இருந்து காரில் ஒரு விளக்கெண்ணெய்ப் பாட்டில். வீடு வருவதற்குள் முழங்காலில் பூசிக்கொள்வார். எப்பேர்ப்பட்ட மூளை!

ஆட்டத்தில்தான் அந்த மூளை ஓடவில்லை. சோணைமுத்து குதிகாலால் தரையை மிதிக்கிறவர். மிதித்தால் டேப் ரெக்கார்டர் துள்ளி நின்றுவிடும்.

"தரை மேல் கோபம் என்ன சார்? முன்பாதம் பர்ஸ்ட். குதிகால் அப்புறம். சின்ன ஸ்டெப். முட்டி நேராகும்போது இடுப்பு தன்னால வரும்."

இடுப்பு தன்னால வரவில்லை. கூப்பிட்டும் வரவில்லை.

அதைவிடப் பெரிய வில்லங்கம் தாளம். சா-சாவில் முன்னால் எடுத்து வைக்கிற அடி ரெண்டில் விழ வேண்டும். ரெண்டு, மூணு என்று முன்னும் பின்னும் ரெண்டு அடி. அப்புறம் சா, சா, சா என்று பக்கவாட்டில் மூன்று குட்டி அடி. கடைசிச் சா வந்து விழுவது ஒன்றில். மறுபடி ரெண்டில் கிளம்ப வேண்டும். சோணைமுத்து ஒன்றிலேயே கிளம்பினார். எத்தனை தடவை சொன்னாலும் ஒன்றிலேயே கிளம்பினார்.

அதற்குக் காரணம் இருந்தது. மண்டியில் படி அளக்கும்போது ஒன்று என்று எண்ண மாட்டார்கள். முதல் படிக்கு 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. தொழில் பழகிய நாளில் இருந்து அவருக்கு ஒன்று என்றால் மனசுக்குள் லாபம். லாபத்தில் கையையும் காலையும் கட்டிக்கொண்டு நிற்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்? இதை வெங்கடேஷ்பாபுவிடம் அவர் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு விளங்காது.

நாற்காலி எண்ணெய்க்கடைக்காரனுக்குத்தான் என்று அவர் நொந்துபோயிருந்த சமயம். ஒரு சாயங்காலம் வெங்கடேஷ்பாபு புதிதாக எண்ணினார்.

"ரெண்டு... மூணு... சா-சா-லாபம்! லாபம் வந்து சேர்ற இடம் சார். கிளம்புற இடம் இல்லை."

அவ்வளவுதான். சோணைமுத்து கால் தெளிந்துவிட்டது. சா, சா என்று நகர்ந்து லாபத்தில் ஊன்றி, ரெண்டில் இடது காலை எடுத்து வைத்தார். இடுப்புகூட வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. ஆனந்தத்தில் இருப்பவன் எதைத்தான் யோசிப்பான்?

அதற்கப்புறம் மண்டியில்தான் கஷ்டம். ஆட்கள் படி அளந்து "லாபம், ரெண்டு" என்றால் போதும். மூட்டைகளுக்குப் பின்னால் முதலாளியின் இடது கால் முன்னால் போய்விடும்.

வெள்ளிவிழாவுக்கு முன்னால் டாக்டரைப் பார்த்தார். ரத்தம் பார்த்த டாக்டருக்கு மறுபடியும் அதிர்ச்சி.

"சர்க்கரை இம்புட்டு இறங்கிருச்சே! நடந்தீங்களா?"

"ஒரு அடி நடக்கலை" என்று மீசையை முறுக்கினார் சோணைமுத்து.

மறுநாள் காலை. காப்பித் தம்ளருடன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். தங்கப்பொண்ணு கீழே உட்கார்ந்து, ஊர்ப் பொங்கலுக்குக் கொடுக்க அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

"லாபம்..."

சோணைமுத்து தம்ளரை இறுகப் பிடித்தார்.

"ரெண்டு..."

இடது கால் போய்விட்டது.

"மூணு..."

இடுப்பும் போய்விட்டது.

"சா-சா-லாபம். ரெண்டு. மூணு. சா-சா-லாபம்."

ஜன்னல் வரை போய்த் திரும்பியும் விட்டார். காப்பி வேட்டியில் கொட்டியபோதுதான் உறைத்தது. எந்த மண்டியில் சா-சா என்று படி அளக்கிறார்கள்?

திரும்பினார். தங்கப்பொண்ணு படியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் யோசிக்காமல் விட்டது யோசனைக்கு வந்தது. பெங்களூர்க்காரனுக்கு மண்டிக் கணக்கு லாபம் எப்படித் தெரியும்?

"நீயா?" என்றார்.

"பாவம் அந்த மாஸ்டரு. இவருக்கு எப்புடித்தான் சொல்றதுன்னு போன்ல அழுதாரு. மண்டிக் கணக்குல சொல்லுங்கன்னேன்."

"தவசி மச்சான்?"

"நான்தான் அனுப்புனேன். அந்த மாஸ்டரைப் புடிச்சதும் நாங்கதான்."

"அப்ப கிளப்புத் தலைவரு?"

"எண்ணெய்க்கடைக்காரரை முந்தின மாசமே போட்டாச்சாம். அவரு ஆடவெல்லாம் இல்லை. சும்மா உக்காந்திருந்தாராம்."

சோணைமுத்துவுக்கு நாற்காலி வேண்டியிருந்தது. எந்த நாற்காலியாக இருந்தாலும் சரி. உட்கார்ந்தார்.

"நடன்னா நடக்க மாட்டீக. எனக்குத் தெரியாமன்னா குட்டிக்கரணம்கூடப் போடுவீக. உங்களைத் தெரியாதா எனக்கு? இப்பப் பாருங்க, சர்க்கரை இறங்கிருச்சு." சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "குளிக்கிற ரூம்ல புது பிளேடு வாங்கி வெச்சிருக்கேன்."

"பிளேடு எதுக்கு?"

"மீசைக்கு. உடம்புக்காக நடந்தா வழிக்கிறேன்னு சொன்னீகள்ல?"

சோணைமுத்து துள்ளி எழுந்தார். வியாபாரி அல்லவா, விடுவாரா?

"நடந்தேனா? எவன் பார்த்தான்? ஒரு அடி நடக்கலை. ஆடினேன்! ஆடத்தான் செஞ்சேன்!"

"ஆடுனீகளா?"

"ஆமா, ஆடினேன்!"

"நம்ம வீட்ல ஆட்டங்கிற பேச்சே ஆகாதே?"

சோணைமுத்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் தங்கப்பொண்ணு. "நடந்தீகன்னா மீசையை எடுங்க. ஆடுனீகன்னா நானும் கும்மிக்குப் போறேன். எது?"

மீசையைத் தொட்டுப் பார்த்தார். குளிக்கிற ரூம் பக்கம் பார்த்தார்.

"ஆடினேன்" என்றார். மண்டி முதலாளி குரல் இல்லை அது.

அழகர்கோவில் பக்கம் தங்கப்பொண்ணு பிறந்த ஊரில் அந்த வருசம் முளைப்பாரி அமோகம். பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி கொட்டினார்கள். நடுவயதுக்காரிகளில் தங்கப்பொண்ணு மாதிரி ஒருத்தி ஆடவில்லை என்று பேச்சு. வட்டத்துக்கு வெளியே சோணைமுத்து நின்றார். ரெண்டாவது தட்டுக்கு இடது கால் போகப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"என்ன மாப்ள, மீசை ஜம்முன்னு இருக்கு!" என்றார் பக்கத்தில் வந்த தவசி.

இருந்தது. முறுக்கத்தான் கை இல்லை. ஒன்றில் தங்கப்பொண்ணுவின் செருப்பு, மற்றதில் அவள் கைப்பை.