என் சுவரொட்டி என் வீட்டுக்கே வந்தது

மேன்மைமிகு மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் கைகூப்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம். மூவரும் என்று எழுத முடிகிறதே, அதுவே பெரிய விஷயம்.

பதினெட்டு வருஷம் சோப்பு விளம்பரம் எழுதிய என்னைப் போன மாதம் ராணுவத் தகவல் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே இயக்குநர் சொன்னார்: "போர்னு எழுதாதீங்க, அமைதிப் பணின்னு எழுதுங்க. குண்டு போட்டோம்னு எழுதாதீங்க, தக்க பதில் அளித்தோம். நம்ம ஆளுங்க ஓடி வந்தா, புதிய இடத்தில் நிலைகொண்டனர்." அழுக்கு என்ற சொல்லே இல்லாமல் சோப்பு விற்றவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா! ஒரே மூச்சில் சுவரொட்டி எழுதிக் கொடுத்தேன்: "தாய்மண் கூப்பிடுகிறது, உன் காதில் விழவில்லையா?" ஊரெல்லாம் ஒட்டினார்கள். யார் காதில் விழுந்தது என்கிறீர்கள்? என் மகன் காதில், உங்கள் ஆசை மருமகன் காதில்! கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவன், செவ்வாய்க்கிழமை காலை பல்கூடத் தேய்க்காமல் படையில் சேரப் போய்விட்டான்.

அடித்துப் பிடித்து ஓடினேன். ஆள்சேர்ப்பு அலுவலக வரிசை தெருமுனை வரை நின்றது. அதிகாரியிடம், "சார், அதை எழுதினதே நான்தான், எல்லாம் சும்மா" என்றேன். அவர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். "நீங்களா சார்? படிச்சுட்டு அழுதுட்டேன் சார்! ரெண்டு வார்த்தை பேசுங்க!" நாற்காலிமேல் ஏற்றியும் விட்டார். நல்லதாகப் போயிற்று, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன் மச்சான். பாழாய்ப்போன வாய்! "தம்பிகளே, வீடு..." என்று ஆரம்பித்து, "வீடு காக்கப் புறப்பட்ட வேங்கைகளே!" என்று போய்விட்டது. கைதட்டல் வேறு. கைதட்டினால் எனக்கு நிற்காது, உங்களுக்கே தெரியும். இறங்கிப் பார்த்தால், வேடிக்கை பார்க்க வந்த நாற்பது பேரும் வரிசையில் நிற்கிறார்கள். எதிர்க்கடை முடிதிருத்துகிறவர், பாதித் தலை வெட்டிய வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!

அப்போதுதான் உங்கள் தங்கை ஈரக் கையோடு வந்து சேர்ந்தாள். நாற்காலியெல்லாம் கேட்கவில்லை. மகன் சட்டையைப் பிடித்தாள். "டேய், அங்க சுடுவாங்க. உன் மேல படும். வலிக்கும். செத்துப்போயிடுவ. செத்தா திரும்பி வர முடியாது. வா வீட்டுக்கு."

அவ்வளவுதான். ஓர் உவமை இல்லை, ஓர் அடுக்குமொழி இல்லை. "ஐயோ, கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேனே" என்று முடிதிருத்துகிறவர் முதலில் நழுவினார். ஐந்தே நிமிஷத்தில் அதிகாரியும் நாங்களும் மட்டும்தான். அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குமாக்கா?" என்று கேட்டார்.

மகன் வழியெல்லாம் அம்மா பக்கமாகவே நடந்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது மச்சான். என் பேச்சைக் கேட்டு அந்த நாற்பதில் ஒருவன் போயிருந்தாலும் எனக்குச் சோறு இறங்குமா? நேற்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஆயுசுக்கும் சோப்புதான்.

அங்கே அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். எல்லாரும் நூறு வயது, முழு உடம்போடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையிடம் தோற்றவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இயக்குநரே வீட்டுக்கு வந்துவிட்டார். உங்கள் தங்கை பேசியதை எதிரி நாட்டு மொழியில் அச்சடித்து, அவர்கள் படைமேல் விமானத்திலிருந்து தூவப் போகிறார்களாம். "தூவட்டுமே, அங்கயும் பிள்ளைங்கதானே நிக்குது" என்கிறாள் இவள். "நீங்க லேசா மெருகேத்திக் கொடுங்க" என்று அவர் என்னிடம் தாளை நீட்டினார். 'வலிக்கும்' என்பதற்கு முன்னால் அருமையான அடைமொழி ஒன்று தோன்றிவிட்டது மச்சான். ராஜினாமா பற்றிய வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.