தீர்மானத்தோடு வருகிறவர்

கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவரை உங்களுக்குத் தெரியும். நேரத்துக்கு வந்து தூங்குகிறவரையும் தெரியும். இவர் மூன்றாவது ரகம். கூட்டம் தொடங்கும் முன்பே அதன் முடிவை அழகாகத் தட்டச்சு செய்து, மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு வருகிறவர். இந்த ரகம் எந்த ஊரிலும் முளைக்கும். கொழுத்து வளர்வது ஜெனீவாவில். எது வெண்ணெய், எது பழச்சாறு, எதை எந்தப் பெயரில் விற்கலாம் என்றெல்லாம் உலக நாடுகள் கூடிப் பேசுகிற ஊர் அல்லவா?

உர்ஸ் காமென்சிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், கொழுப்பு ஆலைகளின் சங்கத்துக்குச் செயலாளர். எந்த நாட்டுக்கும் பிரதிநிதி அல்ல. கழுத்தில் பார்வையாளர் அட்டை, கடைசி வரிசையில் நாற்காலி, தலைவர் அனுமதித்தால் ஒழியப் பேச்சு கிடையாது. இதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் முன்பே எழுதிக் கொடுத்திருப்பாரே! களைத்துப்போன தலைவரும், ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் இருக்க வேண்டிய சின்ன நாட்டுப் பிரதிநிதிகளும் காபி வாங்க வருகிற இடத்தில், ஏரியைப் பார்த்தபடி, ஒரு பெட்டி சாக்லேட்டும் இரண்டு பக்கக் காகிதமுமாக நிற்பார். சும்மா ஒரு வரைவுதான், உங்கள் நேரம் மிச்சமாகட்டுமே என்று நீட்டுவார். யாருக்குத்தான் நேரம் மிச்சமாக வேண்டாம்?

அங்கே சண்டை சத்தம் போடாது. ஒத்துவராத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். அது வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். உர்ஸின் வரைவில் அடைப்புக்குறியே இருக்காது. பதிலாக, அடிபடுவதற்கென்றே வளர்த்த வாக்கியம் ஒன்று இருக்கும், கொஞ்சம் திமிராக, எல்லார் கண்ணையும் உறுத்தும்படி. எல்லாரும் பாய்ந்து அதைக் கோடு போட்டு அடிப்பார்கள். உர்ஸ் முகம் வாடுவார். ஜெயித்த களிப்பில் நாடுகள் மிச்சத்தைப் படிக்காமல் கைதட்டும்.

இந்த வசந்தத்தில் ஷியா வெண்ணெயின் முறை. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா ஃபாஸோ நாட்டில் பெண்கள் ஷியா மரத்தின் கொட்டையை வறுத்து, அரைத்து, கையால் கடைந்து எடுப்பது. சாக்லேட்டுக்கும் முகப்பூச்சுக்கும் போகிறது. உர்ஸின் சங்கம் கேட்டது ஒரே ஒரு வரி: ஆலையில் பிழிந்தது மட்டுமே ஷியா வெண்ணெய். அந்த வரி நிறைவேறினால், கையால் கடைந்ததை அந்தப் பெயரில் எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது. அந்தப் பெண்கள் கொட்டையை மூட்டை மூட்டையாக ஆலைக்குப் போட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

உர்ஸ் காபிக் கடைக்கு வந்தபோது, புர்கினாவின் பிரதிநிதி ராமாட்டா கிண்டா அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார். தலைவர் ஹால்வோர்சன் கையில் ஒரு காகிதம். வாயில் எள்ளு மிட்டாய்.

"வாங்க உர்ஸ்," என்றார் ராமாட்டா. "சும்மா ஒரு வரைவு. எல்லாரும் அலையுறீங்களேன்னு."

இப்படி ஒரு அநாகரிகத்தை உர்ஸ் தன் வாழ்நாளில் கண்டதில்லை. காகிதத்தை வாங்கிக் கண்ணை ஓட்டினார். பக்கத்தின் நடுவில் கண் நின்றுவிட்டது. வெண்ணெயைக் கடைந்த பெண்ணின் பெயரும் படமும் ஒவ்வொரு பொருளின் மேலும் இருக்க வேண்டுமாம்.

"மேடம், சாக்லேட் உறையிலயுமா? அதுல ஏது இடம்?"

"உங்க உறையில படமா மாடு நிக்க இடம் இருக்குல்ல? எங்க அக்காமாரு மாட்டை விட ஒல்லிதான்."

அதற்குப் பிறகு உர்ஸ் நிற்கவில்லை. தன் வரைவைச் சட்டைப்பையிலேயே மறந்துவிட்டு, நட்பான நாடுகளின் பிரதிநிதிகளை ஒவ்வொருவராகத் தாழ்வாரத்தில் மடக்கி, அந்தப் படத்தால் வரப்போகும் நாசத்தை விளக்கினார். பிற்பகல் கூட்டத்தில் அவர்கள் வரிசையாக எழுந்து பேசினார்கள். வாக்கியம் அடிபட்டது. ராமாட்டா நீளப் பெருமூச்சு விட்டு, ஒற்றுமையை உத்தேசித்து விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். தலைவருக்குக் கண் கலங்கியேவிட்டது. நட்பான நாடுகள் பையைத் தூக்கிக்கொண்டு, முதுகில் தட்டிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பின.

வேறு ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். இருப்பவர் யாரும் மறுக்காவிட்டால் எல்லாரும் ஒப்பியதாகவே கணக்கு. கடைசி வரிசையில் உர்ஸ் நிம்மதியாகச் சாய்ந்து காகிதத்தைப் புரட்டினார். பிறர் எழுதியதை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டிய தேவை அவருக்கு அதுவரை வந்ததே இல்லை. முதல் வரி சொன்னது: ஷியா வெண்ணெய் என்பது கையால் கடைந்தோ ஆலையில் பிழிந்தோ எடுப்பது.

உர்ஸ் கையைத் தூக்கியபடி எழுந்துவிட்டார்.

தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஆட்சேபம் நாடுகள்தான் சொல்லலாம். நீங்க எந்த நாடு, உர்ஸ்?"

சுத்தியல் விழுந்தது.

பாவம் உர்ஸ் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன ஞாயிறு உங்கள் வீட்டில், பெண் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று குடும்பமே கூடிப் பேசியதாமே! சம்பந்தியைக் கேட்டீர்கள், சித்தப்பாவைக் கேட்டீர்கள், பெண்ணைக்கூட ஒரு வார்த்தை கேட்டீர்கள். கடைசியில் எல்லாரும் ஒருமனதாக ஒரே மண்டபத்தைச் சொன்னார்களாம்.

அதற்கு முந்தின சனிக்கிழமையே நீங்கள் வந்து அட்வான்ஸ் கட்டிவிட்டுப் போனதாக அந்த மண்டபத்து மேனேஜர் சொல்கிறாரே, அவருக்கு என்ன பதில்?