முகம் அவருடையது, குறை என்னுடையது

ஐம்பது வயது முடிந்த அன்று காலை, பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவெடுத்தேன். இனி நான் கலைஞன்.

பேருந்துப் பணிமனையில் தொலைந்த பொருள் பிரிவில் எனக்கு வேலை. பஸ்ஸில் விட்டுப்போன குடை, மூக்குக் கண்ணாடி, சாப்பாட்டு டப்பா எல்லாம் என் பொறுப்பு. ஒருமுறை முழுப் பல்செட் ஒன்றும் வந்தது. வருகிற எல்லோரும் என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். பல்செட்டைத் தேடி வந்தவர் மட்டும் விதிவிலக்கு. அவரால் முடியவில்லை.

இருபத்தைந்து வருடமாக மனிதர்கள் விட்டுப்போன சாமான்களைப் பார்த்தாயிற்று. இனி மனிதர்களையே பார்ப்போம் என்று தோன்றியது. தெருவில் முன்பின் தெரியாத ஒருவரைப் படம் எடுக்க வேண்டும். அவர் மனதில் இருப்பதை ஓரிரு வரி சொல்லச் சொல்லிப் படத்துக்குக் கீழே போட வேண்டும். போனில் அதற்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்து, "ஒரு முகம், ஒரு சொல்" என்று பெயர் வைத்தேன். என் பெயரைப் போடவில்லை. மனைவியிடமும் மூச்சு விடவில்லை. போன வருடம் நான் தோட்டக்கலைஞன் ஆனபோது, அவள் ஒவ்வொரு தொட்டியாகப் போய்ச் செடிகளிடம் துக்கம் விசாரித்தாள். அந்த அனுபவமே போதும்.

தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழுக்கையோடு போனால் கலைஞன் என்று யார் நம்புவார்கள்?

முதலில் காய்கறி வண்டிக்கார அம்மா.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தள்ளி நில்லு."

ஒன்று கேட்டேன், இரண்டு கொடுத்தார். கொசுறு.

அடுத்தது எங்கள் தெரு முனையில் நிற்கிற போக்குவரத்துக் காவலர்.

"சார், உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க."

"லைசென்ஸ் எடு."

"நான் நடந்து வந்தேன் சார்."

அதைக் கேட்டதும் அவருக்கு என்மேல் பலத்த சந்தேகம் வந்துவிட்டது. தையற்காரர் பேசவே இல்லை. வாய் நிறைய குண்டூசி. முடிதிருத்துபவர் ஏராளமாகப் பேசினார், ஆனால் எல்லாம் என் தொப்பிக்கு உள்ளே இருப்பதைப் பற்றி. இல்லாததைப் பற்றி என்றும் சொல்லலாம்.

கடைசியாகச் சாவி செய்பவர். பணிமனைக்குப் பின்தெருவில் ஒரு பெட்டி அளவுக் கடை. சுற்றிலும் சாவிக் கொத்துகள் தொங்க, நடுவில் அவர். மூக்குக்கு இருபுறமும் இரண்டு பெரிய சாவிகளை மாட்டியது போல ஒரு மீசை. இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ தலையாட்டினார். படம் பிரமாதமாக வந்தது. வார்த்தைதான் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி, நான் துணி காயப்போட்ட அழகைப் பற்றி முக்கால் மணி நேரமாக உரையாற்றிக்கொண்டிருந்தாள். என் விரல் தானாக எழுதியது:

"ஊர்ல எந்தப் பூட்டையும் திறந்திடுவேன். வீட்டுக்காரி வாயை மட்டும் பூட்ட முடியல."

காலையில் பார்த்தால் நாலாயிரம் பேருக்குப் பிடித்திருக்கிறது!

அப்புறம் என் கையை யார் பிடிப்பது? மற்ற மூவரின் படங்களையும் போட்டேன். காவலருக்கு: "நான் கை காட்டினா நூறு வண்டி நிக்கும். வீட்டுல கை நீட்டினா ஒரு காபி வராது." தையற்காரருக்கு: "ஊருக்கெல்லாம் நான் அளவெடுக்கிறேன். வீட்டுல என் பேச்சுக்கு அளவெடுக்கிறாங்க." முடிதிருத்துபவருக்கு: "எனக்கு முன்னால குனியாத தலை இல்லை. வீட்டுல குனியிற ஒரே தலை என்னுது."

சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில் இவ்வளவு லேசாக நான் உணர்ந்ததே இல்லை.

சனிக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே மனைவி, கையில் போனோடு.

"ஏங்க, இந்தப் பக்கத்தைப் பார்த்தீங்களா?"

காபி புரையேறியது. "எந்தப் பக்கம்?" என்று வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"போன்லங்க. தெருவுல போறவங்க படமும், அவங்க சொன்னதும். பாவம், இந்தச் சாவிக்காரரைப் பாருங்க. உங்க ஆபீசுக்குப் பின்தெருதான்."

"ஊர்ல எத்தனையோ சாவிக்காரங்க."

"பீரோவுக்கு இன்னொரு சாவி போடணும்னு ஒரு மாசமாச் சொல்றேன்ல? சாயங்காலம் இவர்கிட்டயே போவோம்."

"ஒரு பீரோவுக்கு எதுக்கு ரெண்டு சாவி? நம்பிக்கை இல்லையா?"

"பீரோ மேல இருக்கு."

"எனக்கு முட்டி வலிக்குது."

"நடந்தாச் சரியாயிடும்."

"தலையும் வலிக்குது."

"அதைத் தனியா விட்டுட்டா வரப்போறீங்க? கிளம்புங்க."

கடையில் இயந்திரம் ஓடவில்லை. சாவிக்காரர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மீசை தொங்கிப் போயிருந்தது. பின்னால் சுருட்டிய பாய், ஒரு தலையணை. சாவிகளுக்கு நடுவில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணா, கடையிலேயே குடித்தனமா?" என்றாள் என் மனைவி.

அவ்வளவுதான் கேட்டாள். குழாய் திறந்துகொண்டது.

"என்னத்தைச் சொல்றது தங்கச்சி! வீட்டுக்குள்ள போய் நாலு நாளாச்சு. தொப்பி போட்ட ஒருத்தன் வந்து படம் எடுத்தான். நான் வாயே திறக்கல. நான் சொன்னதா என்னமோ எழுதிப் போட்டுட்டான். என் மச்சினி அதைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரிகிட்ட காட்டிட்டா. கதவைச் சாத்திட்டா!"

"நீங்க திறக்காத பூட்டா அண்ணா?"

"பூட்டுன்னா ரெண்டு நிமிஷம் தங்கச்சி. இவ தாழ்ப்பாள் போட்டுட்டா! உள்தாழ்ப்பாளுக்கு ஏது சாவி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி வந்ததுமே நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் பாதி தின்ற பன் ஒன்று காகிதத்தில் இருந்தது. கண்ணில் தூக்கமில்லை. இத்தனை வருடம் தொலைந்ததை எடுத்துக் கொடுத்தே சம்பளம் வாங்கியவன், முதல்முறையாக ஒரு மனிதருக்கு வீட்டையே தொலைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"அந்தத் தொப்பிக்காரர் கையில கிடைச்சா என்ன செய்வீங்க அண்ணா?" அவரிடம் கேட்டவள் பார்த்தது என்னை.

அவர் மேசையிலிருந்த அரத்தைக் கையில் எடுத்தார். பதிலாக அதுவே போதுமானதாக இருந்தது.

இருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. "அது வந்து... நான்..." என்று ஆரம்பித்தேன்.

மனைவி என் காலை மிதித்தாள். "இவர் என்ன சொல்றார்னா, அண்ணிகிட்ட நாங்க வந்து பேசறோம்னு சொல்றார்."

அண்ணியாம்! ஐந்து நிமிடத்தில் எனக்கு ஒரு மச்சான் கிடைத்துவிட்டார், கையில் அரத்தோடு.

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். குறுகலான படி. மனைவி மேலே ஏறிக் கதவைத் தட்டினாள். நடுப்படியில் நான். எனக்குக் கீழே சாவிக்காரர். அதாவது, தப்பி ஓட வழியில்லை.

"யாரு?" என்றது கதவு.

"அண்ணி, போன்ல வந்த அந்தப் பேச்சு அண்ணன் சொன்னதில்ல."

"சொல்லாமயா போடுவாங்க?"

"போடுவாங்க. போட்ட ஆளைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்."

என் முட்டி இப்போது நிஜமாகவே வலித்தது. சாவிக்காரர் இரண்டு படி ஏறி வந்தார். உள்ளங்கையால் என் வழுக்கையை மறைத்துப் பார்த்தார்.

"அட, தொப்பி!"

அரத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அன்றைய முதல் நிம்மதி அது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன் மனைவியிடம், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

"காபி வரலைன்னு போலீஸ்காரர் சொன்னதாப் போட்டிருந்தீங்களே, நேத்து அவர்கிட்டயே கேட்டேன். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க. அப்ப அது யார் வீட்டுக் காபி? பால் திரிஞ்சு காபி இல்லாமப் போனது நம்ம வீட்டுலதானே?"

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. கையில் கரண்டியோடு ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரா? பார்த்தா ஒண்ணும் தெரியாதவர் மாதிரி இருக்காரே?"

"அது நிஜம்தான் அண்ணி," என்றாள் என் மனைவி.

நான் கை கூப்பினேன். "தப்பு என்னோடதும்மா. குறை எங்க வீட்டுக் குறை. முகத்தை மட்டும் உங்க வீட்டுக்காரர்கிட்ட எடுத்துக்கிட்டேன். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. கதவு இன்னொரு சாண் திறந்தது. பிறகு சட்டென்று நின்றது.

"ஒரு வார்த்தைகூடவா?" என்றார் கணவரைப் பார்த்து.

"ஒண்ணுகூட இல்ல," என்றார் அவர் பெருமையாக.

"மனசுல இருக்கிறதைச் சொல்லுன்னு ஒருத்தர் வந்து கேட்டிருக்கார். சொல்றதுக்கு உங்க மனசுல ஒண்ணுமே இல்லையா? நான் இல்லையா?"

கதவு திரும்பி வரத் தொடங்கியது. உலகத்திலேயே சொன்னதாக ஒரு தடவை, சொல்லாததற்காக ஒரு தடவை வெளியே நின்ற ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

"அண்ணா, இப்ப சொல்லுங்க! சீக்கிரம்!" என்று கத்தினாள் என் மனைவி.

சாவிக்காரர் மீசையைத் தடவினார். சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் சாவி செஞ்சு கொடுக்கிறேன். என் வீட்டுச் சாவி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் படியேறுற சத்தம் கேட்டதுமே இவ கதவைத் திறந்துடுவா."

அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டி கீழே இறங்கியது. பிறகு கதவு சுவரில் போய் இடிக்கிற அளவுக்குத் திறந்தது. "உள்ள வாங்க எல்லாரும், வாசல்ல நின்னுக்கிட்டு," என்றார் அந்த அம்மாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. காபி வந்தது. எனக்கும் வந்தது.

வாசலில் இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். பழைய நான்கு படங்களையும் அங்கேயே அழித்தேன். புதுப் படத்துக்குக் கீழே அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, என் பெயரைப் போட்டு மன்னிப்பும் கேட்டேன். கொஞ்சம் பேர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். மறுநாள் மற்ற மூவரிடமும் மனைவியே அழைத்துப் போனாள். காவலர் சிரித்துவிட்டார், "பொண்ணு பார்க்கிற நேரத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே சார்" என்றார். தையற்காரர் குண்டூசிகளைத் துப்பிவிட்டுத் திட்டி முடித்து, சமாதானமானார். முடிதிருத்துபவர் கையில் சவரக்கத்தி இருந்தது. அதற்கும் தப்பினேன்.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன். "உனக்குக் கோபமே இல்லையா?"

"எதுக்குங்க? நாலாயிரம் பேருக்குப் பிடிச்சிருக்கே. படம் நல்லாத்தான் எடுக்கிறீங்க. பேச்சை மட்டும் என்கிட்ட விடுங்க."

அன்றிலிருந்து அப்படித்தான். அவள் பேசுகிறாள், நான் எடுக்கிறேன். என்னைத் தள்ளி நிற்கச் சொன்ன காய்கறி அம்மா, அவளிடம் அரை மணி நேரம் மனம் திறந்தார்: "பகல் பூரா கத்தி வித்துட்டு வீட்டுக்குப் போனா தொண்டை இருக்காது. அதான் எங்க வீட்டுல சண்டையே இல்ல." போனில் அந்தப் பக்கத்தில் இப்போது நூற்றுப் பன்னிரண்டு முகங்கள். தெருவில் போகிறவர்கள் அவளை நிறுத்தி, தங்களையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து போனை அவளிடம் நீட்டினேன். "என்னையும் ஒண்ணு எடேன். எனக்கும் சொல்றதுக்கு ரெண்டு வரி இருக்கு."

அவள் போனைத் திருப்பி என் கையிலேயே வைத்தாள்.

"நீங்கதான் ஏற்கெனவே நாலு தடவை பேசிட்டீங்களே."