பதினைந்து மீற்றர் முன்னேற்றம்

சந்திரனில் மனிதன் கால்வைத்ததைப் பெரிய சாதனை என்று இன்னமும் பேசிக்கொண்டிருப்பவர்கள், ஒருமுறை நெடுங்கேணிப் பக்கம் பஸ் ஏறி வந்து, கருங்காலிமடுவில் நாங்கள் சாதித்ததைப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும். சந்திரனுக்குப் போனவர்களின் பின்னால் ஒரு வல்லரசே நின்றது. எங்களுக்குப் பின்னால் நின்றது விவசாயிகளின் ஒரு கமக்கார அமைப்பு மட்டுமே. அதன் செயலாளர் முத்துலிங்கம், அதாவது நான். கருங்காலிமடு கோல்ஃப் கழகத்தின் 'கௌரவ' செயலாளரும் நானே. இரண்டு அமைப்புக்கும் ஒரே கூட்டப் புத்தகத்தை வைத்திருப்பதால் கடதாசியும் மிச்சம்.

சாதனையை முதலில் சொல்லிவிடுகிறேன். திரு. விஜிதரன் அவர்கள் பெரிய பொல்லால் அடித்த பந்து, முன்பு போன தூரத்தைவிடப் பதினைந்து மீற்றர் கூடுதலாகப் போயிற்று. கைதட்ட விரும்புகிறவர்கள் இங்கேயே தட்டிவிட்டுப் போகலாம். விபரம் தேவைப்படுகிறவர்கள் தொடர்ந்து வாசிக்கவும்.

விஜிதரன் அவர்களுக்கு ஐம்பத்தெட்டு வயது. கனடாக் குளிரில் முப்பது வருடம் உழைத்து, ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்போடு திரும்பி வந்தவர். ஊருக்கு என்ன தேவை என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்களும் மலசலகூடம், குடிதண்ணீர்க் கிணறு என்று சில்லறைச் சாமான்களைச் சொல்லி அந்தப் பெரிய மனதை நோகடித்திருப்போம். முதலில் எங்கள் மண்டபத்துக்கு மாபிள் பதித்தார். பிறகு நூறு கதிரை வாங்கித் தந்தார். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் அவருடைய தகப்பனாரின் பெயர். அதில் சாய்ந்து இருந்துகொண்டு அவருக்கு 'இல்லை' என்று சொல்ல எந்த மானஸ்தனால் முடியும்? மூன்றாவதாக அவர் கோல்ஃப் கொண்டுவந்தார்.

குளத்தின் கீழேயிருந்த மேய்ச்சல் தரை மைதானமாயிற்று. மாடுகளின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. உலகத்தில் பதினெட்டுக் குழி வெட்டி ஆடுகிறார்களாம். நாங்கள் ஒரு குழி வெட்டினோம். அந்த ஒன்றும் அதற்கு முன்பே ஒரு எருமை படுத்துப் படுத்து உண்டாக்கியது, நாங்கள் வட்டமாக்கினோம். சனி, ஞாயிறு வந்தால் பட்டணத்திலிருந்து ஜீப்பில் அதிகாரிகள் வந்து இறங்குவார்கள். வெள்ளைத் தொப்பி, ஒரு கைக்கு மட்டும் கையுறை. அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தே நான் கோல்ஃப் கற்றுக்கொண்டேன்.

எல்லாம் நல்லபடியாகவே போனது. ஒரேயொரு தடைதான். அடிக்கிற இடத்திலிருந்து நூற்றி அறுபது மீற்றரில் குளத்தின் சின்னத் துருசிலிருந்து, அதாவது சின்ன மதகிலிருந்து, வரும் வாய்க்கால் குறுக்கே ஓடியது. விஜிதரன் அவர்களுடைய பந்து சரியாக நூற்றி அறுபது மீற்றர் போகும். ஆக, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய பந்து பொத்தென்று தண்ணீருக்குள் விழுந்தது. நாங்கள் எல்லாரும் "அருமை!" என்போம். பிறகு நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுப்பேன்.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். எங்கள் குளத்துக்கு இரண்டு துருசு. பெரிய துருசு ஊருக்குப் பாய்கிறது. சின்னத் துருசு, மலைநாட்டுத் தோட்டங்களை விட்டுக் கலவரத்தில் ஓடிவந்த பதினொரு குடும்பங்களின் வயலுக்குப் பாய்கிறது. அவர்களுக்கு ஏன் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் காணி கொடுத்தார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல. வாய்க்காலைத் தாண்டியதும் இருக்கிற முதல் இரண்டு ஏக்கர் சுப்பம்மாவுடையது. அறுபது வயது மனுசி. மூன்று வருடத்துக்குப் பிறகு இந்த முறைதான் அவருக்குச் சிறுபோகம், அதாவது கோடை நெல், விதைக்கத் தண்ணீர்ப் பங்கு கிடைத்திருந்தது. பயிரும் பச்சைப் பசேலென்று நின்றது. அதைப் பார்த்து எரிச்சல்படாதவர் விஜிதரன் மட்டுமே, ஏனென்றால் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதேயில்லை.

"பதினைஞ்சு மீற்றர், முத்துலிங்கம்," என்றார் விஜிதரன் அவர்கள் ஒருநாள். குரல் தழுதழுத்தது. "வெறும் பதினைஞ்சு. அது கிடைச்சால் நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்."

கமக்கார அமைப்பு கலங்கிப் போயிற்று. உடனே 'தூர ஆலோசகர்' என்றொரு பதவி உருவாக்கப்பட்டது. அதில் நியமனம் பெற்றவர் நிஷாந்தன். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து பழக்குகிறவர், கோல்ஃபைக் கைப்பேசியில் பார்த்து ஐயந்திரிபறக் கற்றவர். அவர் ஒரு மாதத் திட்டம் போட்டார்.

"அண்ணை, பந்தை இடது குதிக்காலுக்கு நேரை வையுங்கோ. பந்து வைக்கிற குச்சியைக் கொஞ்சம் உயத்திக் குத்துங்கோ. பொல்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோ."

"பிடிச்சிட்டன்."

"இனி இடுப்பு முன்னுக்கு வரவேணும், தோள் பின்னுக்கு நிக்கவேணும்."

"ரெண்டும் ஒரே ஆளின்ர தானே, நிஷாந்தன்?"

"அதுதான் அண்ணை இதில உள்ள கஷ்டம்."

ஒரு மாதம் இடுப்பு முன்னே வந்தது, தோள் பின்னே நின்றது. பலன் இரண்டு மீற்றர். அதற்கும் பிறகு ஒரு வாரம் இடுப்புக்கு எண்ணெய் பூசவேண்டியிருந்தது. இடுப்பு ஆறியபோது பழைய நூற்றி அறுபதே மறுபடி வந்துசேர்ந்தது.

அப்போதுதான் நிஷாந்தனுக்கு ஞானம் பிறந்தது. "அண்ணையில பிழையில்லை," என்றார். "பந்து பறக்கிறது பாதித் தூரம், விழுந்து உருளுறது மீதித் தூரம். எங்கட பந்து உருளாமல் தண்ணிக்குள்ள விழுது. பிழை தண்ணியிலதான்."

இவ்வளவு எளிமையான உண்மை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டோம்.

கமக்கார அமைப்பின் விசேட பொதுக்கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை கூடியது. அங்கத்தவர் நாற்பத்தெட்டுப் பேர். சின்னத் துருசுக்காரர் பத்துப் பேர் புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வியாழக்கிழமை வைத்தேன். சுப்பம்மா மட்டும் வந்திருந்தார். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முறைப்படி முடிந்தபின் தீர்மானத்தை நான் வாசித்தேன்: 'பிரதேசத்தின் விளையாட்டு மேம்பாடு கருதி, சின்னத் துருசு தற்காலிகமாகப் பதினான்கு நாட்களுக்கு மூடப்படும்.'

சுப்பம்மா எழும்பினார். "ஐயா, பயிரு இப்பதான் கதிரு வைக்கிற குடலைக்கு வந்திருக்கு. இந்த ரெண்டு கெழம தண்ணி இல்லேன்னா கதிரு வராது, வந்தாலும் பதருதான். மாரி வரைக்கும் வீட்ல அஞ்சு பேரு சாப்புடணும். வெத நெல்லும் அதுலதான். கொளத்துல பதினோரு அடி தண்ணி கெடக்கு. பந்து ஒரு ரெண்டு மாசம் பொறுக்காதுங்களா?"

விஜிதரன் அவர்கள் எழுந்து, மிகுந்த பொறுமையோடு விளக்கினார்.

"அம்மா, நீங்கள் உணர்ச்சிவசப்படுறீங்கள். பயிர் இந்தப் போகம் இல்லாட்டி அடுத்த போகம் வரும். என்ர இடுப்பு அடுத்த போகம் வருமோ? இந்த வயசில எனக்கு வருசத்துக்கு ரெண்டு மீற்றர் குறைஞ்சுகொண்டு போகுது. அந்த வேதனை உங்களுக்கு விளங்காது."

"வெளங்கலீங்க," என்றார் சுப்பம்மா.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் விளங்கவில்லை என்றால் என்ன செய்வது! வாக்கெடுப்புக்கு விட்டோம். முப்பத்தேழு கைகள் உயர்ந்தன. தூக்கியவர்களில் ஒருவருடைய வயலுக்கும் அதனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் குறையப்போவதில்லை என்பதால் எல்லாரும் துணிச்சலாகவே தூக்கினார்கள். நான் இடதுகையைத் தூக்கிக்கொண்டு வலதுகையால் 'ஏகமனதாக' என்று எழுதினேன்.

துருசு திறக்கும்போது பிள்ளையாருக்குப் பொங்குவது எங்கள் வழமை. வழமையை மீறக்கூடாது அல்லவா? பூட்டுவதற்கும் பொங்கினோம். துருசுச் சாவி வைத்திருக்கிற வீரையா, அவரும் அந்தப் பதினொரு குடும்பத்தில் ஒருவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தார்.

"சாமி, தெறக்கத்தானே பொங்குவோம். பூட்டுறதுக்கு என்னா சொல்லிக் கும்புடுறது?"

பூசாரியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளையாருக்கு மோதகம் வந்தாச் சரி. நீ திருப்பு," என்றார்.

வீரையா திருப்பினார். நாங்கள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். சுப்பம்மாவுக்கும் ஒரு இலையில் அனுப்பினோம். திருப்பி அனுப்பிவிட்டார். சில சனங்களுக்குப் பண்பாடு போதாது.

தண்ணீர் வற்றியதும் இன்னொரு குறை தெரிந்தது. வாய்க்காலின் கரைகள் பந்தை மறித்தன. ஒரு அதிகாரியின் நல்லெண்ணத்தால் பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரம் ஒன்று வந்து, முப்பதடி நீளத்துக்கு இரண்டு கரையையும் இடித்து, வாய்க்காலை நிரவிச் சமப்படுத்தியது. பதினான்கு நாள் முடிந்து துருசைத் திறந்தாலும் இனித் தண்ணீர் அந்தப் பக்கம் போகாது என்று வீரையா சொன்னார். அதைக் கூட்டப் புத்தகத்தில் எழுதும்படி அவர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

சோளகக் காற்று வேறு அடித்தது. பத்தாம் நாள் சுப்பம்மாவின் வயல் வெடித்தது. பதினைந்தாம் நாள் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கையில் ஒரு பிடி பயிர். உரித்துக் காட்டினார். உள்ளே கதிர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு நூல்.

"செயலாளரய்யா, பயிரு போச்சு. யாரையும் நான் குத்தம் சொல்லல. அழிவுன்னு அளந்து எழுதி மேல அனுப்புனீங்கன்னா, வெத நெல்லாவது குடுப்பாங்களாம். அளக்க ஆளு வருவாங்களா?"

அழிவு என்று எழுதினால் காரணமும் எழுதவேண்டும். குளத்தில் பதினொரு அடி தண்ணீர் நிற்க வறட்சி என்று எழுத முடியாது.

"வருவினம் அக்கா," என்றேன். "கட்டாயம் வந்து அளப்பினம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வரலாற்று நாள். மூன்று ஜீப் வந்தது. விஜிதரன் அவர்கள் இடுப்பை முன்னே விட்டு, தோளைப் பின்னே நிறுத்தி, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பொல்லைப் பிடித்து ஓங்கி அடித்தார். பந்து போனது. நிரவிய வாய்க்காலில் விழுந்தது, எழும்பியது, சுப்பம்மாவின் வயல் வரம்பில் ஏறியது. காய்ந்து இறுகிய வரம்பு. அதன் நடுவால் உருண்டு உருண்டு போய் நின்றது.

"நாடா! நாடாவைக் கொண்டு வாங்கோ!" என்று நிஷாந்தன் கத்தினார்.

அதிகாரிகளும் நாங்களும் அளவு நாடாவோடு வரிசையாக வயலை நோக்கி நடந்தோம். சுப்பம்மா தன் குடிலிலிருந்து இதைக் கண்டுவிட்டார். கண்டவர், அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. துருசு பூட்டிய பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"வந்துட்டீங்களாய்யா! சொன்ன மாதிரியே கூட்டியாந்துட்டீங்க!"

எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கு விளங்கவில்லை, அவர்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாடாவின் ஒரு நுனி அந்தப் பக்கம், மைதானத்தில் இருந்தது. சுப்பம்மா அதைக் கவனித்தார். "ஏங்கய்யா, வயலு இங்கதானே இருக்கு? அங்கேருந்து ஏன் அளக்குறாங்க?"

"தண்ணி வந்த பக்கத்தில இருந்துதான் அளக்கவேணும் அக்கா. அதுதான் முறை."

"ஆமாங்க, அதுவும் ஞாயந்தான்," என்று அவரே நாடாவைப் பிடித்து, முள்ளில் சிக்காமல் தூக்கிக் கொடுத்தார். போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் கைகாட்டினார். "இங்க பாருங்கய்யா, இது பூரா பதரு. அந்த மூலையில கொஞ்சம் இருந்துச்சு, அதையும் மாடு தின்னுருச்சு. பாவம், அதுகளுக்கும் மேய எடமில்ல." அதிகாரிகள் தலையாட்டினார்கள். பந்து நல்ல இடத்தில் கிடக்கிறது என்று சொல்வதாக நினைத்திருப்பார்கள்.

"நூற்றி எழுபத்தைஞ்சு!" என்றார் நிஷாந்தன். ஆளையாள் கட்டிப்பிடித்தார்கள். விஜிதரன் அவர்கள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்துச் சுப்பம்மாவின் கண்ணும் கலங்கிவிட்டது.

"பெரிய மனசுங்க அவருக்கு. நம்ம வயலுக்கு அழுவுறாரு," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

சாதனைப் பத்திரம் எழுதவேண்டியிருந்தது. "கழகத்தில இல்லாத ஒராள் சாட்சி வைக்கவேணும், முத்துலிங்கம்," என்றார் விஜிதரன். "இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்." சுற்றிப் பார்த்தோம். நின்றவர்கள் எல்லாரும் கழகத்து அங்கத்தவர்கள், ஒருவரைத் தவிர.

"நான் வைக்கிறேங்கய்யா கையெழுத்து. எனக்கு எழுதத் தெரியும்," என்றார் சுப்பம்மா. "கண்ணாடி வூட்ல கெடக்கு. என்னா எழுதியிருக்குன்னு மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பத்திரத்தைக் கையில் எடுத்தேன். "எல்லாம் அளந்து சரியா எழுதியிருக்கு அக்கா. நூற்றி எழுபத்தைஞ்சு எண்டு போட்டிருக்கு."

"நெறையத்தான் போட்டிருக்கீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

கை முழுக்க மண். கழுவுவதற்கு வாய்க்கால் பக்கம் திரும்பினார். பிறகு ஞாபகம் வந்து சேலையில் துடைத்துக்கொண்டு, என் முதுகில் கடதாசியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் மண்டபத்தில் தொங்குகிறது. பாராட்ட வருகிற பெரியவர்கள் அந்தப் பதினைந்து மீற்றரைத்தான் வாசிக்கிறார்கள். தயவுசெய்து அடியில் இருக்கிற கையெழுத்தையும் பாருங்கள். தன் வயல் செத்ததைத்தான் நாங்கள் அளந்தோம் என்று நம்பி ஒரு மனுசி வைத்த கையெழுத்து அது. பொய் சொல்லி அதை வாங்கியவன் நான். பதில் வந்ததா என்று அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படலையில் வந்து நின்று கேட்கிறார்.